கடல் நடுவே ஒரு காவல்

மும்பைக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கும் நம்மவர்க்கு, ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்கு அப்பால் கடல் நடுவே மனிதர்கள் இரவு பகலாய் உழைக்கின்றனர் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. 1974-இல் எண்ணெய் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயல் அங்கேதான் உள்ளது.

2005 ஜூலை 27 அன்று, காயமுற்ற ஒருவரை மேடைக்கு மாற்றுவதற்காக நெருங்கிய கப்பலொன்று எரிவாயுக் குழாயின்மீது மோதியது. மூண்ட தீயில் இரண்டு மணி நேரத்திற்குள் மேடை அழிந்தது. 22 பேர் மாண்டனர். ஓர் உயிரைக் காக்கச் சென்ற முயற்சியே இத்துயரில் முடிந்தது!

எண்ணெய் வயல்களுக்கென 1948-இலேயே சட்டம் உண்டு. எனினும் கடற்பணிகளின் பாதுகாப்புக்கெனத் தனி விதிகள் 2008-இல்தான் பிறந்தன. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் அவற்றை மேற்பார்க்கும் அதிகாரம் பெற்றது.

விதி இருந்தால் மட்டும் போதுமா? 2021 மே மாதப் புயலின்போது எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. ஆயினும் வயலருகே நின்ற தங்குபடகு ஒன்று நங்கூரம் அறுந்து மூழ்கியது; அதில் இருந்தோருள் 70 பேருக்கு மேல் மாண்டனர். ஏட்டில் உறங்கும் விதி எவரையும் கரை சேர்ப்பதில்லை.

நம் இல்லத்துப் பிள்ளை கடற்பணிக்குப் புறப்படுகையில், “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்கிறோம். “உயிர்காப்புப் பயிற்சி பெற்றாயா? புயல் வருமுன் உங்களைக் கரை சேர்ப்பது யார் பொறுப்பு?” என்றும் கேட்போமாக. அக்கேள்வியும் ஒரு காவலே.