கல்லூரி மாறலாமா?

கல்லூரி திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விடுதியிலிருந்து பிள்ளை வீட்டுக்குப் பேசுவான். "எனக்கு இந்தக் கல்லூரி பிடிக்கவில்லை. வேறு கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்" என்பான்.

"நகையை அடகு வைத்துப் பணம் கட்டினோமே!" என்று தாய் கண் கலங்குவாள். "படிக்கச் சோம்பல்!" என்று தந்தை சீறுவார்.

சீறுவதால் பயன் இல்லை. பிள்ளை அழுகிறான் என்று உடனே மாற்றிவிடுவதும் சரியல்ல. முதலில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கஷ்டம் கல்லூரியில் இருக்கிறதா? பிள்ளையோடு வந்ததா?

கல்லூரியில் உள்ள கஷ்டம், கல்லூரி மாறினால் தீரும். கூட வந்த கஷ்டம், எங்கே போனாலும் கூடவே வரும்.

ராமானுஜன் வாழ்க்கை

கணித மேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் அவர் மனம் கணக்கைத் தவிர வேறு எதையும் நாடவில்லை. மற்றப் பாடங்களில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். ஊர் மாறியது, கல்லூரி மாறியது. ஆனால் அங்கும் எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்பதே விதி. உடல்நலமும் கெட்டது. எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார்.

1914-ல் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே அவருடைய கணக்கைப் புரிந்துகொண்ட ஹார்டி என்ற அறிஞர் இருந்தார். கணித ஆராய்ச்சிக்காகவே 1916-ல் ராமானுஜனுக்குப் பட்டம் கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

அங்கும் குளிரும் நோயும் அவரை வாட்டின. குறையே இல்லாத இடம் உலகில் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியது அங்கே இருந்தது. சென்னைக்கு மாறியதற்கும் கேம்பிரிட்ஜ் போனதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எப்போது மாறலாம்?

தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாடம் புரியவில்லை. வீட்டு நினைப்பு வாட்டுகிறது. இதற்காகக் கல்லூரி மாற வேண்டாம். அடுத்த கல்லூரியிலும் பாடம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆசிரியரிடம் கேட்கலாம். மேல் வகுப்பு மாணவர் உதவியை நாடலாம்.

விரும்பிய பாடம் அங்கே இல்லையா? சொல்லித் தர ஆசிரியர் இல்லையா? வீட்டில் நோயாளியைக் கவனிக்கப் பக்கத்தில் இருக்க வேண்டுமா? இவை நியாயமான காரணங்கள். தாராளமாக மாறலாம்.

ராகிங் கொடுமை என்றால் உடனே புகார் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கல்லூரியை விட்டுப் போக வேண்டியவன் கொடுமை செய்தவன்தான். கொடுமை நிற்காவிட்டால், பிள்ளையின் உயிரும் மானமும் பணத்தைவிடப் பெரியவை.

பணக் கணக்கு

விலகினால் கட்டிய பணம் திரும்புமா? பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் ஒரு விதி வகுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாட்களுக்குள் விலகினால் 80 சதவீதம். 30 நாட்களுக்குள் என்றால் 50 சதவீதம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும் அது சொன்னது. இந்த ஆண்டுத் தேதிகளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுக் கல்லூரியில் இடம் உண்டு என்று எழுத்தில் வாங்கிய பிறகே, பழைய கல்லூரியில் டி.சி. கேட்க வேண்டும். படித்த பாடங்களை ஏற்பார்களா, ஓர் ஆண்டு வீணாகுமா என்பதையும் முன்பே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெற்றோர் பிள்ளையை உட்கார வைத்து முழுதும் கேட்க வேண்டும். கோபத்துக்குப் பயந்த பிள்ளை உண்மைக் காரணத்தைச் சொல்லாது. உண்மைக் காரணம் தெரிந்துவிட்டால், இருப்பதா, மாறுவதா என்ற முடிவு தானாகத் தெரியும்.