திருகாணியும் குழாய்த் தண்ணீரும்

மொட்டை முனைத் திருகாணியை மரத்தில் ஏற்றப் பெரும்பாடு பட வேண்டும். முதலில் துளை போட்டால்தான் திருகவே முடியும். கூர்முனையால் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் திருகாணியை இயந்திரத்தில் செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை நெட்டில்ஃபோல்டு என்ற இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ஆலை முதலாளி வாங்கினார். அவருடைய மைத்துனரும் அதில் முதல் போட்டார். அந்தப் பங்கைப் பார்த்துக்கொள்ள 1854-ல் அனுப்பப்பட்ட 18 வயது மகன்தான் ஜோசப் சேம்பர்லின்.

அவர் வணிகப் பொறுப்பேற்ற நிறுவனம், போட்டி ஆலைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியது. 1874-ல் அவர் தொழிலைவிட்டு விலகியபோது, இங்கிலாந்தில் தயாரான திருகாணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. அப்போது அவருக்கு வயது 38. அதற்கு முந்தைய ஆண்டே நகரின் மேயராகியிருந்தார்.

தொழிலதிபர்கள் அரசியலுக்கு வந்தால் நிர்வாகம் சீராகும் என்று நம்புவோர், சேம்பர்லின் அங்கே எதைச் செய்தார் என்று பார்க்க வேண்டும். அவர் நகராட்சியின் சொத்தை எந்தத் தனியாருக்கும் விற்கவில்லை, தனியாரிடமிருந்து வாங்கினார். இரண்டு எரிவாயு நிறுவனங்களைச் சுமார் 19.5 லட்சம் பவுண்டு கொடுத்து நகர மன்றம் எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு லாபம் கிடைத்தது.

தண்ணீரில் கணக்கே வேறு. குழாயில் வாரத்துக்கு மூன்று நாள்தான் தண்ணீர் வந்தது. மற்ற நாள்களில் ஏழைகள் சாக்கடை கசிந்த கிணறுகளில் இறைத்துக் குடித்தார்கள். குடிநீர் நிறுவனத்தையும் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய சேம்பர்லின், இதில் லாபம் பார்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். எதில் லாபம் பார்க்கலாம், எதில் கூடாது என்று பிரித்தறிந்த இந்தத் தெளிவே அவரது ஆகப் பெரிய சாதனை.

1876-ல் நாடாளுமன்றம் போனார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் திட்டத்தை எதிர்த்து 1886-ல் தன் கட்சித் தலைவரான பிரதமர் கிளாட்ஸ்டனை விட்டுப் பிரிந்தார். குடியேற்ற நாடுகள் துறை அமைச்சராக இருந்தபோது, தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. அங்கே பிரிட்டன் அமைத்த சிறைமுகாம்களில் பல்லாயிரம் பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிக்க முடியாது.

பர்மிங்காமிலும் ஒரு கடன் பாக்கி நிற்கிறது. சேரிகளை இடித்து அவர் தொடங்கிய கார்ப்பரேஷன் வீதியில் கடைகள் எழுந்தன. 75 ஆண்டுக் குத்தகை முடிந்ததும் நிலம் நகரத்துக்கே திரும்பும்படி ஒப்பந்தம் போடப்பட்டது. ஆனால், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு கட்டுவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது.