அடுத்த ஹேரத் எந்த வாங்கில் இருக்கிறார்?

2025 பெப்ரவரியில் காலி மைதானத்தில் தனது நூறாவது டெஸ்டோடு திமுத் கருணாரத்ன விடைபெற்றார். நான்கு மாதம் கழித்து அதே மைதானத்தில் அஞ்சலோ மெத்தியூஸும் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகினார். இருவரையும் மரியாதையோடுதான் வழியனுப்பினோம். ஆனால் அந்த இடங்களுக்கு இனி யார் என்ற பேச்சு, வழக்கம்போல, கைதட்டல் ஓய்ந்த பிறகே சூடுபிடித்தது. ஒரு பெரிய வீரருக்குப் பின் வரப்போகிறவரைத் தேட வேண்டிய காலம் அவர் போகும் காலமல்ல. அவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் காலம். தேடுவது என்பதும் ஒரு பெயரைத் தாளில் குறித்து வைப்பதல்ல, அந்தப் பெயருக்குரியவரை ஆட வைப்பது. இலங்கை கிரிக்கெட்டின் கடந்த கால் நூற்றாண்டைப் புரட்டினால் இதற்கு வேண்டிய சாட்சியம் இரண்டு பக்கமும் கிடைக்கிறது.

நல்ல பக்கத்திலிருந்து தொடங்கலாம். 2009 ஜூலையில், பாகிஸ்தானுக்கு எதிரான காலி டெஸ்டுக்கு முன்னர் முத்தையா முரளிதரன் காயமடைந்தார். பதிலுக்கு அழைக்கப்பட்ட ரங்கன ஹேரத் அப்போது இங்கிலாந்தில் ஓர் உள்ளூர்க் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவசரமாக விமானமேறி வந்து சேர்ந்தார். 168 ஓட்டங்களைத் துரத்திய பாகிஸ்தான், நான்காம் நாள் ஆட்டம் தொடங்கும்போது 2 விக்கெட்டுக்கு 71. இன்னும் 97 ஓட்டங்கள்தான் வேண்டும். கையிலிருந்த எட்டு விக்கெட்டும் 46 ஓட்டங்களுக்குள் போயின. அந்த இன்னிங்ஸில் ஹேரத் 15 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். மறு வருடம் முரளி 800 விக்கெட்டோடு ஓய்வுபெற்றபோது சுழற்பந்துப் பொறுப்பை ஏற்க ஒருவர் தயாராக இருந்தார். 2018இல் ஹேரத் விலகியபோது அவருடைய கணக்கு 433 விக்கெட்; டெஸ்டில் வேறெந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரும் அவ்வளவு எடுத்ததில்லை.

எந்தத் திட்டமும் இல்லாமலே ஹேரத் கிடைத்தாரே, பிறகு எதற்குத் திட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஹேரத் முதல் டெஸ்ட் ஆடியது 1999இல், 21 வயதில். நிலையான இடம் கிடைத்தது 31இல். இடைப்பட்ட பத்து வருடத்தில் அவருக்குக் கிடைத்த டெஸ்ட்கள் சொற்பம். மனம் சலித்து அவர் பந்தைக் கீழே வைத்திருந்தால், 2009 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து அழைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பெருமை அவருடைய பொறுமைக்கும், அவருக்குத் தொடர்ந்து ஓவர் கொடுத்த கழகக் கிரிக்கெட்டுக்கும் உரியது. தெரிவாளர்களின் தூரநோக்குக்கு அல்ல. முரளியை வெளியே இருத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது சுழற்பந்து வீச்சாளராக, ‘ஏ’ அணியின் சுற்றுப்பயணங்களில், முடிவு ஏற்கனவே தெரிந்துவிட்ட தொடர்களின் கடைசிப் போட்டியில் என்று வாய்ப்புத் தரும் வழிகள் எப்போதும் உண்டு.

துடுப்பாட்டத்தில் அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. மஹேல ஜயவர்தன 2014 ஓகஸ்டிலும், குமார் சங்கக்கார 2015 ஓகஸ்டிலும் டெஸ்டை விட்டார்கள். அதற்கு முன்பு, 2015 உலகக் கிண்ணத்தில் 37 வயதுச் சங்கக்கார தொடர்ந்து நான்கு போட்டிகளில் நான்கு சதம் அடித்தார். நாடே கொண்டாடிய அந்தச் சதங்களில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: ஓய்வை அறிவித்துவிட்ட ஒருவரின் தோளில்தான் அணி நின்றுகொண்டிருந்தது. சிட்னியில் நடந்த காலிறுதியில் தென்னாபிரிக்கா இலங்கையை 133 ஓட்டங்களுக்குச் சுருட்டி, 9 விக்கெட்டால் வென்றது. 2017இல் சிம்பாப்வேயிடம் சொந்த மண்ணில் ஒருநாள் தொடரை இழந்து மெத்தியூஸ் தலைமையைத் துறந்தார். அடுத்து இந்தியா வந்து ஐந்துக்கு ஐந்து வென்ற தொடரில் உபுல் தரங்க, சாமர கபுகெதர, லசித் மாலிங்க என மூன்று பேர் மாறி மாறித் தலைமை தாங்கினார்கள். தடையும் காயமும் அதற்குக் காரணம் என்பது உண்மை. ஆனால் எந்த அணிக்கும் தடையும் காயமும் வரும். அடுத்தவர் யாரென்று தீர்மானித்து வைத்திருக்கும் அணி அதில் தடுமாறுவதில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடம், அதனால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தில் இடமில்லை என்ற நிலைக்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், அந்தச் சரிவின் வேர் இங்கேயும் இருக்கிறது.

பின்னால் ஒருவரை நிறுத்தினால் முன்னால் இருப்பவரின் மனம் உடைந்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு அமெரிக்கக் கால்பந்து பதில் வைத்திருக்கிறது. அங்கே தாக்குதலைத் தொடங்கிவைக்கும் குவாட்டர்பேக் இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே ஆட முடியும். கிரீன் பே பாக்கர்ஸ் அணியில் பிரெட் ஃபார்வ் 1992 முதல் அந்த இடத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்தார். அவர் இருக்கும்போதே 2005இல் ஆரன் ரோஜர்ஸை முதல் சுற்றுத் தேர்விலேயே அணி எடுத்தது. மூன்று பருவம் வாங்கில் இருந்து கற்ற ரோஜர்ஸ், பிறகு 2010 பருவத்தின் சுப்பர் பௌல் கிண்ணத்தை வென்று கொடுத்தார். 2020இல் அதே அணி ரோஜர்ஸுக்குப் பின்னால் ஜோர்டன் லவ்வைக் கொண்டுவந்து நிறுத்தியது. ரோஜர்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் லீக்கின் அதிசிறந்த வீரர் விருது அவருக்கே போனது. போட்டி வந்தால் பெரிய வீரன் சுருங்குவதில்லை. மூத்தவரின் மனம் நோகும் என்ற சாக்கு, பெரும்பாலும் தெரிவாளர்கள் தங்கள் தயக்கத்துக்குப் போடும் போர்வை.

ஆட வைப்பதற்கு முதலில் ஆள் வேண்டும். கேள்வி நம்முடைய திருகோணமலை மாவட்டத்துக்கு வந்து நிற்பது இங்கேதான். 2022 ஜூலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் காலியில் அறிமுகமாகி 12 விக்கெட் எடுத்த பிரபாத் ஜயசூரியவும் முன்கூட்டியே வகுத்த திட்டத்தில் வந்தவரல்ல. அணிக்குள் கொவிட் புகுந்ததால் கிடைத்த இடம் அது. அப்போது அவருக்கு வயது 30. ஏழாவது டெஸ்டிலேயே 50 விக்கெட்டைத் தொட்டார்; சுழற்பந்து வீச்சாளர் எவரும் அதைவிட வேகமாகத் தொட்டதில்லை. இப்படிப்பட்டவருக்கு முப்பது வயதுவரை ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லையென்றால், கொழும்புக் கழகங்களின் வாசலையே மிதிக்காதவர்கள் எத்தனை பேர்? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த், 2024 ஐபிஎல்லில் காயமடைந்த வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்குப் போனார். அதற்கு முன் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி இருந்ததும், அது அவரை ஆட வைத்ததும் நடந்திருக்க வேண்டியிருந்தது. 2022இல் கிரிக்கெட் சபை தொடங்கிய தேசிய சுப்பர் லீக்கில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகள். திருகோணமலையின் பெயரில் ஒன்றில்லை.

திரியாயில் ஒரு சிறுவன் மென்பந்தை நன்றாகச் சுழற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கடினப் பந்துக்கு மாற அவன் குச்சவெளி, நிலாவெளி தாண்டி நகரத்துக்கு வர வேண்டும்; அங்கிருந்து மேலே போவதென்றால் கொழும்பு பஸ் ஏற வேண்டும். கிராமத்துக்கொரு மைதானம் கட்ட முடியாது என்பார்கள். சரி. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பயிற்றுநரும், வருடம் முழுக்க ஆடக்கூடிய ஒரு புற்தரை ஆடுகளமும், மாகாண அணிக்குத் தெரிவாகும் ஒரு நேர்மையான வழியும் பெரிய கோரிக்கைகளல்ல. நல்ல போகம் விளைந்த வருடத்தில்தான் வயற்காரர் விதைநெல்லைக் கட்டி வைக்கிறார். பொய்த்த வருடத்தில் கட்டி வைக்க என்ன இருக்கும்?

தெரிவுக்குழு ஒவ்வொரு முக்கிய இடத்துக்கும் அடுத்தவர் யாரென்று இப்போதே தீர்மானித்து, வருடத்துக்கு அவருக்கு எத்தனை போட்டி கிடைக்கும் என்பதைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். 2025இல் இலங்கை ஆடிய டெஸ்ட்கள் நான்கே என்பதால் ‘ஏ’ அணியின் போட்டிகளைக் கூட்டட்டும். அடுத்தவர்களைக் கிழக்கின் பிள்ளைகளிடையேயும் தேடட்டும். பிரபாத் ஜயசூரிய 1991 நவம்பரில் பிறந்தவர். அவருக்கு அடுத்தவரை அவர் விடைபெறும் நாளன்று தேடத் தொடங்கினால், அது தேடலல்ல, தவறிப்போன கடமை.