சதவீதம் போட்டால் மட்டும் போதுமா?

அண்ணன் 1,200-க்கு 1,020 வாங்கினான், தம்பி 534தானே என்று பழவேற்காட்டில் இன்னும் பேசுகிறார்கள். பிளஸ் டூ மொத்தம் 2019 மார்ச் தேர்விலிருந்து 600 ஆகிவிட்டது. சதவீதம் போட்டால் அண்ணன் 85, தம்பி 89. ஒரு பிள்ளையைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற வீட்டில், இந்தக் கணக்குப் பிசகு ஒரு வாழ்க்கையையே மாற்றிவிடும்.

அதற்காகத் தம்பிதான் கெட்டிக்காரன் என்று தீர்ப்பெழுதுவதும் அநியாயமே. சதவீதம் மொத்தத்தைத்தான் சமமாக்கும். கேள்வித்தாளையும் திருத்துகிறவர் கையையும் சமமாக்காது. நான் படித்த பிரெஞ்சு முறையில் 20-க்கு 14 என்றால் 'நன்று', 16 என்றால் 'மிக நன்று'. அந்த 14-ஐ 70 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள், நம் ஊரில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அரசுக்கே இது தெரியும். தொழிற்கல்விச் சேர்க்கைக்கான 2006 சட்டப்படி, ஒரு பாடத்தில் வேறு வாரியத்தின் முதல் மதிப்பெண் 90, நம் மாநில வாரியத்தில் 100 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு இங்கே 66.67 என்று கணக்கு.

ஏரியில் வலை போட்டவர் பாட்டையும் கடலுக்குப் போனவர் பாட்டையும் கூடையை மட்டும் எண்ணி நம் குப்பங்களில் யாரும் ஒப்பிடுவதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்த நியாயம் எங்கே போயிற்று? சதவீதம் போடுங்கள். பிறகு எந்தத் தேர்வு, எப்படித் திருத்தினார்கள் என்றும் கேளுங்கள்.