இரு தொழில் பயிலும் வீரன்

சென்ற விடுமுறையில் பெருமாநல்லூரில் நண்பரொருவர் இல்லத்தில் யாம் சில நாட்கள் தங்கியிருந்தோம். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பிய இளைஞர் நால்வர், கணினியின் முன் அமர்ந்து ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் விளையாட்டில் ஆழ்ந்திருந்தனர். அன்று அவர்களிடையே எழுந்த வாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. விளையாட்டைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுதல் தகுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறுவர். இறுதிவரை வாசித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

இவ்விளையாட்டைப் பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வகுத்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டே இதற்கு மூலம். ஆடுவோர் தம் பாத்திரத்துக்குப் போர்வீரன், மந்திரவாதி, குரு, கள்வன், பாணன் முதலிய 12 தொழில்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்வர். இத்தொழிலைக் கிளாஸ் என வழங்குவர். அனுபவம் முதிருந்தோறும் பாத்திரம் ஒரு படி ஏறும். 12ஆம் படியோடு ஏற்றம் முடிவுறும். ஒவ்வொரு படியையும் முன் கொண்ட தொழிலிலேயே ஏறலாம். விரும்பின், வேறொரு தொழிலின் முதற்படியிலும் கால் வைக்கலாம். இங்ஙனம் தொழில்களைக் கலத்தலை மல்டிகிளாஸ் என்பர்.

நால்வருள் ஒருவர் ஓவர்லாக் டெய்லர். எல்லாம் வல்லவனாக வேண்டுமென்னும் ஆசையால், போர்வீரனில் மூன்று படி, குருவில் மூன்று, கள்வனில் மூன்று, பாணனில் மூன்று எனப் பன்னிரண்டையும் பங்கிட்டு விட்டார். விளைந்தது யாது? போர்வீரன் ஒரு முறையில் இருமுறை தாக்கும் ஆற்றல் அத்தொழிலின் 5ஆம் படியில் வருவது. குருவின் மூன்றாந்தர மந்திரங்களும் 5ஆம் படியிலேயே வருவன. ‘பீட்’ எனப்படும் தனிச்சிறப்பு, எத்தொழிலாயினும் அதன் 4ஆம் படியில்தான் முதன்முதற் கிட்டும். நண்பருக்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்க்கவில்லை. பன்னிரண்டு படி ஏறியும், நான்கு வாயில்களின் முன்னும் நின்று ஒன்றனுள்ளும் புகாதவரானார். போர்வீரனாகவே 12 படியும் ஏறியவனோ, ஒரு முறையில் மும்முறை தாக்குவான். நான்கு தனிச்சிறப்புகளும் உடையவன்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று மற்றொரு நண்பர் நகைத்தார். அகல உழுவதை ஆழ உழு என்பதும் நம் நாட்டார் அறிவுரையே. இவ்வளவில் வாதம் முடிந்ததென்றே யாமும் எண்ணினோம்.

நிற்க. மூன்றாமவர் தம் பாத்திரத்தைக் காட்டினார். அவர் போர்வீரனாகத் தொடங்கி இரண்டு படி மட்டும் ஏறி, எஞ்சிய பத்துப் படிகளையும் மந்திரவாதத்துக்கே அளித்தவர். அவ்விரு படிகளால் கனத்த கவசம் அணியும் உரிமையும், இடைக்கிடையே ஒரே முறையில் ஈரிரு செயல் புரியும் வன்மையும் அவருக்குக் கிட்டின. விலையும் கொடுத்தார்: மந்திரவாதத்தின் 11ஆம் படியில் வரும் ஆறாந்தர மந்திரங்களையும், 12ஆம் படியின் தனிச்சிறப்பையும் இழந்தார். ஆயினும் இன்னது பெறுகின்றோம், இன்னது இழக்கின்றோம் என்பதை அறிந்தே இழந்தார். முன்னவர் கலந்ததும் கலப்பே, இவர் கலந்ததும் கலப்பே. ஒன்று ஆசையின் விளைவு; மற்றொன்று ஆராய்ச்சியின் விளைவு.

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தார் ஆக்கி 1998ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாம் ‘பால்டர்ஸ் கேட்’டில் விதி இன்னும் கடுமையானது. மனிதப் பாத்திரம் தொழில் மாறின், பழைய தொழிலின் ஆற்றல்கள் யாவும் பூட்டப்படும். புதிய தொழிலில் முதற்படியிலிருந்து தொடங்கி, பழைய தொழிலில் எய்திய படியைக் கடந்த பின்னரே அப்பூட்டுத் திறக்கும். அதுகாறும் பேர்பெற்ற வீரனும் கற்றுக்குட்டியாகவே நடமாடல் வேண்டும். இரண்டாவது வித்தைக்கு நாம் செலுத்தும் காணிக்கை பணமன்று, பணிவே என்பதை இவ்விதி எத்துணைத் தெளிவாகக் காட்டுகின்றது!

இனி, கலப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டா? விளையாட்டில் வீரன் தனியே செல்வதில்லை. நால்வர் குழுவாகச் செல்வர். தோழன் ஒருவன் நன்கு அறிந்த தொழிலை மற்றவனும் அரைகுறையாகக் கற்பதாற் பயன் சிறிது. நம் திருப்பூர்ப் பக்கத்துத் தொழிலும் அவ்வாறே அமைந்துள்ளது. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என ஒரு பனியன் பல கை கடந்தே பெட்டிக்குள் செல்கின்றது. ஒவ்வொரு கையும் தன் தொழிலில் ஆழ்ந்தது. ஆயின் கைக்கும் கைக்கும் இடையே இணைப்பு வேண்டும். மெர்ச்சண்டைசர் என்பார் அவ்விணைப்பில் நிற்பவர். துணியின் எடையும் தையலின் தன்மையும் அறிதல் வேண்டும், அயல்நாட்டு வணிகருக்குக் கடிதம் எழுதவும் விலை கணக்கிடவும் வல்லராதல் வேண்டும். இரு தொழில் கலந்தவனுக்கு உரிய இடம் இத்தகைய இணைப்பே என்பது எமது துணிபு.

இது விளையாட்டளவில் நிற்கும் செய்தி அன்று. ஒரே காலத்தில் இரு பட்டப் படிப்புகளைப் பயிலலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் இசைவளித்தது. பகலிற் கல்லூரியும் இரவிற் கம்பெனியுமாக வாழும் மாணவரும் நம்மிடையே உளர். கல்லூரியை விட்டு முழுதும் கம்பெனிக்கே வந்துவிடு என்று வீட்டார் சொல்லும் நாளும் அவர்க்கு வருவதுண்டு. அவர்க்கு யாம் கூறுவது இது: மூன்றாம் படியில் நின்று திரும்பற்க. எடுத்த தொழிலில் வாயில் திறக்கும் படி எதுவென்று ஆசிரியரையும் பழைய மாணவரையும் வினவி அறிந்து, அதுவரை ஏறுக. வறுமையால் இரு தொழில் செய்ய நேர்ந்தோரைக் குறை கூறுவார் கூறட்டும். கம்பெனியில் இரவு வேலை செய்து பெற்ற அறிவும் படியே, அது வீண்போவதன்று. அதனைக் கல்லூரிக் கல்வியோடு இணைக்கும் இடத்தைத் தேடுவதே அவர் கடன். அவ்விடத்தைக் காட்டுவது நம் கடன்.

விளையாட்டில் விதர்ஸ் என்னும் பாத்திரத்துக்கு 100 பொற்காசு கொடுத்தால், ஏறிய படிகளையெல்லாம் கலைத்து மீண்டும் தொடங்கலாம். ஓவர்லாக் நண்பரும் அவ்விரவே அதனைச் செய்து, போர்வீரனில் ஐந்து படி ஏறிய பின்னரே வேறு தொழில் நாடினார். வாழ்க்கையில் அத்துணை மலிவாக மீட்சி கிட்டாது; பெரியோர் அஞ்சுமளவு அரிதுமன்று. பொற்காசுக்கு மாறாக ஆண்டுகளைக் கொடுத்தல் வேண்டும், அவ்வளவே. ஆதலின், கொடுக்கும் முன் எண்ணுக. கொடுத்த பின் கலங்கற்க.