கால் பிடித்துவிட்டால் கடமை முடிந்ததா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கால் குடைச்சலுக்கு இந்த எண்ணெயைத் தேய்த்தால் போதும், அந்த இலையைக் கட்டினால் போதும் என்று இனி யாரும் எனக்கு வாட்ஸ்அப் அனுப்ப வேண்டாம். இந்த மாதம் மட்டும் 11 வந்துவிட்டது. படுக்கை விரிப்புக்கு அடியில் குளியல் சோப்பை வைத்துத் தூங்கச் சொல்லும் வீடியோவும் அதில் ஒன்று. அனுப்பியவர் வேதியியல் முதுகலை படித்த என் மாணவர். சோப்பிலிருந்து எது கிளம்பி, விரிப்பைத் தாண்டி, காலுக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

எண்ணெய் மேல் எனக்குப் பகை கிடையாது. எங்கள் வீட்டிலும் நல்லெண்ணெய்க் கிண்ணம் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கால் பிடித்துவிட்டதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோமே, அதோடுதான் என் சண்டை.

எல்லாக் கால் வலியும் குடைச்சல் இல்லை. நான்கு கேள்வி கேளுங்கள். காலை அசைத்தே தீர வேண்டும் என்கிற தவிப்பு இருக்கிறதா? சும்மா உட்கார்ந்தால், படுத்தால் வருகிறதா? எழுந்து நடந்தால், நீட்டி மடக்கினால் தணிகிறதா? பகலைவிட மாலையிலும் இரவிலும் அதிகமா? நான்குக்கும் ஆம் என்றால், கெண்டைச் சதை இழுத்துக்கொள்வது, மூட்டுத் தேய்மானம், கால் வீக்கம் போன்ற வேறு காரணம் இல்லையென்றால், அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். பெயரில் கால் இருந்தாலும் கோளாறு நரம்பு மண்டலத்தில்.

"இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி, வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களின் பிரமை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதை 1672-லேயே எழுதி வைத்தார். ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945-இல் விரிவாக ஆராய்ந்து பெயரும் வைத்தார். அதனால் இருவர் பெயராலும் வில்லிஸ்-எக்போம் நோய் என்றும் சொல்வார்கள். 350 வருடமாக எழுத்தில் இருக்கிற நோயை, நம் வீட்டில் ஒரு பெண் சொன்னால் மட்டும் பிரமை என்கிறோம்.

வீட்டு வைத்தியம் எதைச் செய்யும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்காலையும் பாதத்தையும் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டால் பலருக்கும் அந்தக் குறுகுறுப்பு தணிகிறது. தேய்க்கிற எண்ணெய் எதுவானாலும் சரி, உதவுவது பெரும்பாலும் கைதான். படுக்கும் முன் இளஞ்சூடான நீரில் குளிக்கலாம், கால் நனைக்கலாம். சிலருக்கு ஈரத்துணி ஒத்தடம் இதமாக இருக்கும். சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் படிய, கெண்டைச் சதையை இழுத்துவிடுங்கள். தினமும் மிதமான நடை நல்லது. மாலைக்கு மேல் காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் பணம் பெரிதாகச் செலவாகாது. தாராளமாகச் செய்யுங்கள்.

எச்சரிக்கையும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. நீரின் சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். பழைய புடவைத் துணியால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரத்த ஓட்டம் தடைபடும்.

இவ்வளவும் செய்தபின் அன்றைய இரவு கழியும். மறுநாள் மாலை குடைச்சல் மறுபடி வரும். ஏன் வருகிறது என்று கேட்கிற ஆள்தான் நம் வீடுகளில் இல்லை.

என் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலருக்கு அவர் பெரியம்மா, சிலருக்கு அத்தை. ஆறு வருடம் இரவு இரண்டு மணி வரை கூடத்தில் நடந்தார். பேருந்தில் உட்கார முடியாது என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். ஒரு மருத்துவர், "வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டிலிருந்தவர்கள் தைலம் வாங்கினார்கள். பேத்தி தினமும் கால் பிடித்துவிட்டாள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஆறு வருடத்தில் ஒருவர்கூட அவர் ரத்தத்தில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. போன வருடம் வேறொரு மருத்துவர் பார்த்தார். ஹீமோகுளோபின் 12.1. அதைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபெரிட்டின் மட்டும் 14.

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் என்பது கையில் புழங்கும் காசு. ஃபெரிட்டின் என்பது வங்கி இருப்பு. கையில் காசு புழங்கும்போதே இருப்பு காலியாகியிருக்கலாம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் உருவாக இரும்பு வேண்டும். அந்த இடத்தில் இரும்பு குறைவதற்கும் இந்தக் குடைச்சலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது பல ஆண்டு ஆராய்ச்சியின் முடிவு. இந்த நோய் உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75-ஐத் தாண்டாவிட்டால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் பல லேப் தாளில் 20 இருந்தாலே 'நார்மல்' என்று அச்சாகிவிடும். அதனால் தாளை மட்டும் பார்க்காமல், "டாக்டர், கால் குடைச்சலுக்கு இந்த அளவு போதுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

இது பெரும்பாலும் யாருடைய நோய் தெரியுமா? ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெண்களுக்கு வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரும்பை இழந்தவள், எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சம் மீதியைச் சாப்பிட்டு, கையோடு ஒரு டம்ளர் டீயும் குடிக்கிறாள். உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் அந்த டீ தடுக்கிறது. அவள் இரவில் கால் குடைகிறது என்றால் நாம் தைலத்தை நீட்டுகிறோம்.

"நம் பாட்டிகள் லேபுக்கா போனார்கள்?" என்று கேட்பீர்கள். போகவில்லை. தூங்கவும் இல்லை. இரவெல்லாம் திண்ணையில் காலை நீட்டி மடக்கி உட்கார்ந்திருந்த பாட்டிகளை உங்களுக்கே நினைவிருக்கும். இந்த நோய் பல குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வது. பாட்டிக்கு இருந்தது என்பது பேத்தியையும் சோதித்துப் பார்க்கக் காரணமே தவிர, சும்மா இருக்கக் காரணமில்லை.

"முருங்கைக்கீரை போதுமே" என்பீர்கள். சாப்பிடுங்கள், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிடுங்கள். ஆனால் கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். வற்றிப்போன இருப்பைக் கீரையால் மட்டும் நிரப்புவது கடினம். அதற்காகக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி நீங்களாகவே விழுங்கவும் வேண்டாம். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. சோதனை முதலில், மாத்திரை பிறகு. சிறுநீரகக் கோளாறும் சர்க்கரை நோயும் குடைச்சலுக்குப் பின்னால் இருக்கலாம். அதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

மருந்துக்காரர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. தூக்கம் வரவைக்கும் சில சளி மாத்திரைகள், வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் குடைச்சலைக் கூட்டக்கூடியவை. இந்த நோய்க்கென்றே பல காலம் எழுதித் தந்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள்கூட, நாளாக ஆக, சிலருக்குக் குடைச்சலை அதிகமாக்கி, மாலைக்கு முன்பே வரவழைத்துவிடும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அக்கா மருத்துவர் சொன்னபடி சில மாதம் இரும்பு எடுத்தார். முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஓரிரு நாள் இன்னும் வருகிறது. அந்த நாட்களில் பேத்தி கால் பிடித்துவிடுகிறாள். மற்ற நாட்களில் 11 மணிக்குத் தூங்கிவிடுகிறார். போன மாதம் பேருந்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு வளைகாப்புக்குப் போய் வந்தார்.

எங்கெங்கோ வேலையில் இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்றிரவு அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபின் அந்த நான்கு கேள்வியையும் கேளுங்கள். ஆம் என்றால் ஆன்லைனில் தைலம் வாங்கி அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போய் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். உடன் இருக்கும் பிள்ளைகள், மகனானாலும் மகளானாலும், இரவு காலும் பிடித்துவிடுங்கள். மருமகள்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்த மருமகளையும் அதே நான்கு கேள்வி கேளுங்கள்.

செய்தவர்கள் கீழே "முடித்தேன் டீச்சர்" என்று எழுதுங்கள். சோதனைத் தாளைப் பொதுவில் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்