பத்திரமாத்தான் இருக்கு, திறக்கத்தான் முடியாது

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எங்கட வீட்டு அலுமாரிகளில் ஒரு பை இருக்கும். அக்காவின் சாமத்தியவீட்டுக் கசற், மாமாவின் கலியாணச் சீடி, ஊரில் இப்போது இல்லாத வீட்டின் முற்றத்தில் சிரிக்கும் அம்மம்மா. கேட்டால், "எல்லாம் பத்திரமா இருக்கு" என்பார்கள்.

இல்லை என்கிறோம் நாங்கள். டெக் தயாரித்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய வீடியோ சீடியில் உள்ள 'டாட்' கோப்பைப் பல கைத்தொலைபேசிகள் கண்டுகொள்வதே இல்லை. திறக்க முடியாத கோப்பு அலுமாரிக்குப் பாரம், அவ்வளவுதான்.

"வாட்ஸ்அப்பில போட்டாச்சு, காணும்" என்பவர்களோடும் எங்களுக்குச் சண்டைதான். அது படத்தை மேலும் நசுக்கும். வீடியோ சீடியின் படமே 352க்கு 288 புள்ளிதான். அதையும் நசுக்கினால் அம்மம்மாவின் முகத்தில் என்ன மிஞ்சும்?

வேலை சின்னன்தான். ஓடுற டெக் ஒன்று அகப்படும்போதே கசற்றைக் கணினியில் ஏற்றுங்கோ. ஹேண்ட்பிரேக் இலவச மென்பொருள், அதில் எச்.264 படமாக, எம்பி4 கோப்பாக மாற்றுங்கோ. அநேகமாக எதிலும் ஓடும். ஆனால் மூலத்தை அழிக்காதேங்கோ. நாளைக்கு இதைவிட நல்லாய் மாற்ற ஒரு வழி வரும். அப்போது மூலம் வேணும்.

1981இல் யாழ் நூலகத்தை எரித்தவர்களை நாங்கள் மறக்கேல்லை. அலுமாரிக்குள் பூஞ்சணம் தின்னும் கசற்றுக்கு யாரில் பழி போடப்போகிறோம்?